ஏழுமலையான் பெயரில் நான் சேர்த்த காசு

ரவி, உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டிக்குள் போட்டுவிடாதே. உட்கார்ந்து முழுதாகப் படி. படித்த பிறகு கோபப்பட வேண்டுமானால் தாராளமாகப் பட்டுக்கொள். நீ கிண்டி விடுதிக்குப் போனதிலிருந்து நான் போட்ட கடிதங்களுக்கெல்லாம் "நலம், சாப்பாடு பரவாயில்லை" என்று ஒரு கார்டுதான் பதிலாக வந்தது. சரி, பிள்ளைக்கு வேலை அதிகம், நாள் முழுக்க மெஷின் முன்னால் நிற்கிறான் என்று நானும் சும்மா இருந்தேன். நேற்று உன் சித்தப்பா வந்து காப்பி குடித்துக்கொண்டே வாயை விட்டுவிட்டார். "ரவி கெட்டிக்காரன் அண்ணி, வட்டிய ஒரு மாசம்கூட நிறுத்தல, கரெக்டா கட்டினு கீறான்" என்றார். என்ன வட்டி, யாருக்கு வட்டி என்று நான் கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். விடுவேனா? வாசலை மறித்து நின்று எல்லாவற்றையும் கறந்துவிட்டேன். பயிற்சி டெபாசிட்டுக்கும் விடுதிக்கும் உன் ஐ.டி.ஐ. மாஸ்டர் உதவினார் என்று நீ எங்களிடம் சொன்னது பொய். அப்பா கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் வட்டிக்காரரிடம் வாங்கியிருக்கிறாய். அதுவும் பத்து வட்டிக்கு. உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் உன் சித்தப்பா.

அவரை நான் திட்டிய திட்டு படப்பை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். அது இருக்கட்டும். அவர் போன பிறகு அடுப்பில் இருந்த பாலை மறந்து உட்கார்ந்திருந்தேன், பால் பொங்கி வழிந்தது. கடன் என்ற சொல்லைக் கேட்டாலே ஒதுங்கிப் போகிற பிள்ளை நீ. சைக்கிளுக்குப் பஞ்சர் போட்ட காசைக்கூட அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாய். அப்படிப்பட்டவன், வீட்டில் பணம் இருக்கும்போது, அந்த வட்டிக்காரர் முன்னால் போய் நின்றிருக்கிறாய் என்றால் அதற்குக் காரணம் உன் சித்தப்பா இல்லை, நான்தான். அது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். ஆனால் நீ பிறப்பதற்கு முந்தைய அவரைத் தெரியாது. பிரஸ் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பள நாளன்று கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்து வருவதற்குள் சம்பளக் கவர் பாதியாக மெலிந்திருக்கும். ஒருவருக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஒருவருக்கு மச்சான் கல்யாணம், ஒருவருக்கு ஒன்றுமே இல்லை, சும்மா கேட்டுப் பார்த்தவர். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வருவார். நான் கத்துவேன். "கேட்டுட்டான், இன்னா பண்றது? மூஞ்சப் பாத்து இல்லன்னு சொல்ல வாய் வர்ல" என்பார். அவரிடம் கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது. பீடி கிடையாது, குடி கிடையாது. இல்லை என்று சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அதுவே ஒரு குடும்பத்தை மூழ்கடிக்கப் போதும் என்று அப்போது யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன். உன் சித்தப்பா கல்யாணத்துக்கு அப்பாவின் பி.எஃப். லோன் போனது, சித்தப்பா வாங்கிப் போட்ட மனையின் தவணைக்குப் போன வருட போனஸ் போனது. எதுவும் திரும்பி வரவில்லை.

உனக்குப் பேச்சு வருகிற வயதில் ஒரு முறை காய்ச்சல் கண்டு கண்ணே திறக்காமல் கிடந்தாய். அப்போது திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு, பால்பவுடர் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, மஞ்சள் துணியைச் சுற்றி, நாமம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ பிழைத்தாய். மறு வருடம் போய் உனக்கு மொட்டை அடித்து உண்டியலில் காணிக்கையும் செலுத்திவிட்டு வந்தோம். வேண்டுதல் அதோடு முடிந்தது. டப்பாவை எடுத்துக் கழுவி மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்க வேண்டியவள்தான் நான்.

இடையில் ஒன்று நடந்தது. காணிக்கை சேர்ந்துகொண்டிருந்த நாளில் உன் சித்தப்பா வந்தார். வழக்கம்போல அவசரம். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் வெறுங்கையை விரித்தேன். சித்தப்பாவின் கண் டப்பா மேல் போனது. "அதுல கொஞ்சம் கீதே அண்ணி?" என்றார். "அது ஏழுமலையான் காசு தம்பி. எடுத்துக்கறதுன்னா எடுத்துக்கோ. அவரு வட்டியோட வாங்கற ஆளு, அப்பறம் எங்கள சொல்லக் கூடாது" என்றேன். நீ அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கன்னத்தில் போட்டுக்கொண்டார், கோவிந்தா என்றார், டீகூடக் குடிக்காமல் போய்விட்டார். அப்பாவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அந்த நிமிடம் புத்தியில் பட்டது: இந்த வீட்டில் யாரும் கை நீட்டிக் கேட்காத இடம் ஒன்று இருக்கிறது. திருப்பதியிலிருந்து திரும்பி வந்ததும் டப்பாவை அதே இடத்தில் அதே மஞ்சள் துணியோடு வைத்தேன். பால்வாடியில் எனக்குக் கொடுக்கிற சொற்ப சம்பளத்தில் மிச்சம் பிடித்தது, ரேஷன் கடையில் மிஞ்சியது, எல்லாம் அதற்குள் போனது. டப்பா நிறைந்தால் துணியில் முடிந்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டு மறுபடி டப்பா. அப்பாவிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் அவர் கண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

நான் சாமியை ஏமாற்றினேனா என்றால், அதற்கு எனக்குப் பெரிதாகப் பயம் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடனைக் குபேரனுக்கு இன்னமும் கட்டிக்கொண்டிருப்பவர் அவர். சம்பளக்காரன் பெண்டாட்டியின் கஷ்டம் அவருக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டேன். நான் ஏமாற்றியது உன்னை.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது டப்பாவைக் கவிழ்த்து ஒரு நாலணாவை எடுத்து ஐஸ் வாங்கித் தின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் உனக்குக் காய்ச்சல். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அந்த வாரம் காய்ச்சல்தான், பால்வாடியில் வருகையே இல்லை. ஆனால் நீ போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "சாமி காச எடுத்துட்டேம்மா, அதான்" என்று அழுதாய். அந்த இடத்தில் நான் உன்னைத் தூக்கி மடியில் வைத்து, "இல்லடா கண்ணு, இது ஊர்க் காய்ச்சல், சாமி ஒண்ணும் பண்ணல" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன் பொங்கல் காசிலிருந்து எட்டணா எடுத்துக் கொடுத்து, "போடு. எடுத்தது நாலணா, வட்டி நாலணா" என்றேன். நீ எழுந்துபோய் நடுங்கிக்கொண்டே போட்டாய். நல்ல பாடம் கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு. பிள்ளை இனி காசை எடுக்க மாட்டான். எடுக்கவும் இல்லை. ஆனால் காசைப் பற்றி உனக்கு நான் கொடுத்தது வெறும் பயம் ரவி. எதற்காகச் சேர்க்கிறோம், எப்போது எடுக்கலாம், யாரைக் கேட்டு எடுக்க வேண்டும் என்ற ஒன்றையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் நீயாகவே போட ஆரம்பித்தாய். மாமா கையில் திணித்த காசு, கட்டுரைப் போட்டியில் கிடைத்த காசு, லீவு நாளில் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்த காசு, எல்லாவற்றிலும் சாமிக்கு ஒரு பங்கு. பக்கத்து வீட்டார் முன்னால் "எங்க ரவி மாதிரி உண்டா" என்று பீற்றிக்கொள்வேன். உன் காசு விழுகிற சத்தம் கேட்கும்போது உள்ளுக்குள் ஒன்று உறுத்தும். பெரியவன் ஆனதும் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். உனக்கு மீசை முளைத்தது. அப்போதும் சொல்லவில்லை.

டூல் அண்ட் டை பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றைக்குத்தான் சொன்னேன். சொன்ன விதமும் சரியில்லை. பெரிய வித்தை காட்டுகிறவள் மாதிரி பாயை விரித்து, டப்பாவைக் கொட்டி, பானைக்கு அடியிலிருந்த முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்து, "எடுத்துக்கடா, உன் படிப்புக்குத்தான்" என்றேன். நீ சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொள்வாய் என்று எதிர்பார்த்தேன். நீ சுவர் ஓரமாகப் போய் நின்றாய். "சாமி காசும்மா இது" என்றாய். நான் சிரித்துக்கொண்டே, "சாமி காசும் இல்ல, பூதக் காசும் இல்ல. உங்க சித்தப்பா கையில சிக்காம இருக்க நான் பண்ண வேல" என்றேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

"அப்ப அந்தக் காய்ச்சல்?" என்று கேட்டாய். பத்தொன்பது வயதுப் பையன், அதைத்தான் முதலில் கேட்டாய். நான் குனிந்து சில்லறையைக் கூட்டி வைத்தேன். "நீ பொய் சொன்ன, சரி. நான் போட்டது சாமிக்குன்னுதான போட்டேன்? அத எப்படி எடுத்து நான் ஃபீஸ் கட்டுவேன்?" என்றாய். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுடா" என்று சொன்னேனே தவிர, உன் கேள்வியை நான் காதில் வாங்கவே இல்லை. உன் அப்பா பாயில் கிடந்த நோட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "எங்கிட்டகூட சொல்லலியே நீ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது.

அந்த வாரமே மாஸ்டர் பணம் கொடுத்தார் என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். சாமி கடனைவிட மனிதக் கடன் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறாய். ஏழுமலையான் வட்டிக்குப் பயந்தவன் டீக்கடை வட்டிக்குப் பயப்படவில்லை. இதில் உன் தப்பு என்ன இருக்கிறது? எது பயப்பட வேண்டிய வட்டி என்று நான் சொல்லிக் கொடுத்தேனா?

இப்போது சொல்கிறேன். பத்து வட்டி என்றால் வருடத்துக்குப் பத்து இல்லை, மாதத்துக்குப் பத்து. நூறு வாங்கினால் மாதம் பத்து ரூபாய் கட்டுகிறாய், நூறு அப்படியே நிற்கிறது. பத்து மாதம் கட்டினால் வாங்கிய தொகை முழுதும் வட்டியாகவே போயிருக்கும், அசலில் ஒரு ரூபாய் குறைந்திருக்காது. நிறுத்தாமல் கட்டுகிறாய் என்று உன் சித்தப்பா மெச்சிக்கொள்கிறாரே, வட்டிக்காரருக்கு வேண்டியதே அதுதான். கட்டாதவனைவிட இப்படி ஒழுங்காகக் கட்டிக்கொண்டே இருக்கிறவன்தான் அவருக்கு லாபம். பயிற்சிக்குக் கொடுக்கிற ஸ்டைபண்டுப் பணத்தில் முக்கால்வாசி அங்கே போய்விட்டால் நீ என்னத்தைச் சாப்பிடுகிறாய்? சாப்பாடு பரவாயில்லை என்று எழுதினாயே, சாப்பிடுகிறாயா முதலில்? ஒரு மாதம் உனக்குக் காய்ச்சல் வந்து ஸ்டைபண்டு குறைந்தால், அந்த மாத வட்டி அசலோடு சேரும். அப்புறம் பயிற்சியை விட்டுவிட்டு எங்கேயாவது ஹெல்பர் வேலைக்கு ஓட வேண்டியதுதான். எனக்கு இருக்கிற ஒரே பயம் அது.

உன் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். யோசித்துப் பார்த்ததில் நீ கேட்டது நியாயம். சாமிக்கென்று நினைத்து நீ போட்டது சாமிக்குத்தான் சேரும், நான் என்ன நினைத்தேன் என்பது அதில் சேராது. எவ்வளவு போட்டாய் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியாது. தாராளமாகவே பார்த்து ஒதுக்கி, இந்தப் புரட்டாசியில் நானும் அப்பாவும் உன் தங்கை செல்வியும் மலைக்குப் போய் உண்டியலில் போட்டுவிட்டு வந்தோம். அந்தப் பொய்க்காகவும் அங்கே நின்று கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொண்டேன். மிச்சமிருப்பது நான் சம்பாதித்ததும், நான் வாயைக் கட்டிச் சேர்த்ததும். அது என் காசு. ஒரு தாய் பிள்ளைக்குக் கொடுக்கிற காசு. அதில் சாமி இல்லை.

இனி இந்த வீட்டில் ஒளிவு மறைவு கிடையாது என்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். சம்பளக் கவரை இப்போது செல்வி முன்னால்தான் பிரிக்கிறோம். பத்து வயதுப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று முதலில் அப்பா இழுத்தார். வாடகை இவ்வளவு, அரிசி இவ்வளவு, அவள் ஸ்கூலுக்கு இவ்வளவு, சேர்த்து வைப்பது இவ்வளவு, இது எதற்காக என்று வெளிப்படையாகச் சொல்கிறோம். சேர்க்கிறதைப் போஸ்ட் ஆபீஸில் போடுகிறேன். விலை ஏறுவதையும் அவளிடம் மறைப்பதில்லை. நாட்டுத் தங்கத்தையே வெளிநாட்டில் அடகு வைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்துவிட்டு அப்பா, "அவ்ளோ பெரிய வூட்டுக்கே கைல காசு இல்ல பாரு" என்றார். "அவங்க வூட்லயும் சித்தப்பா கீறாரா?" என்று கேட்டாள் உன் தங்கை. சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

வீட்டுக்குச் சோப்பு வாங்குகிற வேலையை அவளிடம் விட்டிருக்கிறேன். முதல் மாதம் வாசனைச் சோப்பாக அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள், துணி சோப்புக்குக் காசு இல்லை. நான் திட்டவும் இல்லை, சேர்த்துப் போட்டுக் கொடுக்கவும் இல்லை. மாதக் கடைசியில் அவள் யூனிஃபார்மை அவளே வாசனைச் சோப்பு போட்டுத் துவைத்தாள். நுரையே வரவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே கசக்கினாள். அடுத்த மாதம் கடையில் போய் விலை கேட்டு வந்துவிட்டுத்தான் காசு வாங்கினாள். உனக்கும் இப்படிச் செய்திருக்கலாம். தப்பாகச் செலவழிக்க உன்னை நான் விடவே இல்லையே.

இன்னொன்றையும் கேள். போன வாரம் உன் சித்தப்பா வந்து அப்பாவிடம், "தீபாவளி வருது அண்ணா, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். செல்வி வீட்டுப் பாடத்திலிருந்து தலையைத் தூக்கி, "சித்தப்பா, போன தடவ வாங்கினத எப்போ தருவீங்கோ?" என்றாள். குறும்பு இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அப்பா, "இந்த மாசம் முடியாதுப்பா" என்றார். சொல்லிவிட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருடமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை அது. உன் சித்தப்பாவும் செத்துவிடவில்லை, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்த மனிதரைத்தான் நேற்று நான் வாசலில் மறித்தேன்.

ரவி, பொய் சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தாய் பிள்ளையிடம் கேட்கலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை, கேட்கிறேன். என் மேல் கோபம் இருந்தால் அது எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் காத்திருப்பேன். வட்டிக்காரர் காத்திருக்க மாட்டார். இந்த மாதமே அசலையும் சேர்த்துக் கொடுத்து, எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போடு.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஷிஃப்ட் இல்லை. தாம்பரம் போய் ரயில் பிடித்து உன் விடுதிக்கு வருகிறார். நான்தான் வருவதாக இருந்தேன். "நீ போனா சண்ட போடுவ, நான் போறேன்" என்று சொல்லிவிட்டார். சட்டையின் உள்பையில் பணம் இருக்கும். வந்ததும் எடுக்க மாட்டார். சாப்பிட்டாயா என்று கேட்பார், மெஷினைப் பற்றிக் கேட்பார், பேச்சு தீர்ந்து போனதும் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தே பழகிய கைடா அது. வேண்டாம் என்று சொல்கிற ஒருவனுக்கு எப்படிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியாது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதே பணத்தோடு பேசாமல் ரயில் ஏறிவிடுவார். அதனால் நீயே கேள். "அப்பா, பணம் குடு" என்று வாயைத் திறந்து கேட்டுவிடு ரவி.

அம்மா